கறுப்பு நோட்டு

அன்புள்ள கயல்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. இரண்டு நாளாக வாசலில் கோலம் அவள்தான் போடுகிறாள்.

போன மாதம் பரணை ஒழித்தபோது உன் பழைய ஹார்டு டிஸ்க் கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பையன் அதை டிவியில் சொருகிக் கொடுத்தான். உள்ளே ஏகப்பட்ட ஃபோல்டர். ஒன்றுக்கு மட்டும் 'சி' என்று ஒற்றை எழுத்தில் பெயர் வைத்திருந்தாய். திறந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நீ காலேஜில் படிக்கும்போது, "அப்பா, இது பேங்க்காரங்களுக்காகவே எடுத்த மாதிரி இருக்கு, ஒரு தடவை பாருங்க" என்று கெஞ்சினாயே, 'சி' என்றே பெயர் வைத்த அந்த ஜப்பான் அனிமே. பொம்மைப் படம் பார்க்கிற வயதா எனக்கு என்று அப்போது தட்டிக்கழித்துவிட்டேன். மொத்தமே 11 எபிசோட்தான். இப்போது இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

முதல் எபிசோடில் பாதி எனக்குப் புரியவில்லை. கண்ணை மட்டும் எடுக்க முடியவில்லை. ஒரு டாக்ஸியில் ஏறினால் வேறொரு நகரத்துக்குப் போய்விடலாம், அங்கே வானமே வேறு மாதிரி. தொப்பி போட்ட அந்த மசகாகி சிரித்துக்கொண்டே கடன் கொடுக்கிறான். நகைக்கடனுக்கு வருகிறவர்களிடம் நாங்கள்கூட அத்தனை இனிப்பாகப் பேசியதில்லை. அடமானமாக அவன் கேட்பது நகையோ நிலமோ இல்லை, கடன் வாங்குகிறவனுடைய எதிர்காலம். அந்த எதிர்காலமே ஓர் உருவமாக வந்து பக்கத்தில் நின்று, கடன் வாங்கிய இன்னொருவனோடு அவனுக்காகச் சண்டை போடுகிறது. ஒரு சண்டைக்கு 666 நொடி, கணக்குப் போட்டுப் பார்த்தேன், 11 நிமிடம் 6 நொடி. மைக்ரோஃப்ளேஷன், மேக்ரோஃப்ளேஷன் என்று கத்திக்கொண்டே அடிக்கிறார்கள். பணவீக்கத்தை ஆயுதமாக்கலாம் என்று எங்கள் ரீஜனல் மேனேஜருக்குக்கூடத் தோன்றியிருக்காது.

என்னை உலுக்கியது அங்கே கடனாகக் கொடுக்கிற மைடாஸ் நோட்டு. அந்த நகரத்துக்குப் போய்வந்தவன் கண்ணுக்கு மட்டும் அது கறுப்பு. மற்றவர்களுக்குச் சாதாரண யென். கடைக்காரர் வாங்குகிறார், சில்லறை கொடுக்கிறார், நோட்டு ஊர் முழுக்கச் சுற்றுகிறது. முப்பத்து நான்கு வருஷம் கேஷ் கவுண்டரில் ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டு எண்ணியவன் நான். கள்ள நோட்டு என் விரலுக்கே தெரியும், யூவி விளக்கு அப்புறம்தான். ஆனால் இது கள்ள நோட்டு இல்லையே. நல்ல நோட்டுதான், யாருடைய நாளையையோ விற்று வந்தது, அவ்வளவுதான். அதை எந்த விளக்கில் காட்டிப் பிடிப்பது?

கென்ஜி நகமுரா இயக்கி தத்சுனோகோ நிறுவனம் எடுத்த இந்தத் தொடர் 2011 ஏப்ரலில் ஃபூஜி டிவியில் ஆரம்பித்திருக்கிறது. சுனாமி வந்து ஏறக்குறைய ஒரு மாதம். அதற்கு முன்பே அந்த நாடு ரொம்ப அடிபட்டிருந்தது. 1989 கடைசியில் 38,915 புள்ளியில் நின்ற அவர்கள் பங்குச்சந்தைக் குறியீடு நிக்கேய், 2009 மார்ச்சில் 7,054-க்கு வந்துவிட்டது. இருபது வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. நடுவில் படித்து முடித்த பிள்ளைகளுக்குக் கம்பெனிகள் கதவைச் சாத்திவிட்டன, அந்தக் காலத்துக்கு 'வேலைவாய்ப்புப் பனியுகம்' என்றே பெயர். அதனால்தான் கதாநாயகன் கிமிமாரோவுக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. அப்பா அம்மா இல்லாத பையன், கடையில் பகுதிநேர வேலை, ஓர் அரசாங்க உத்தியோகம் கிடைத்தால் போதும் என்கிறான். அவனுடைய எதிர்காலமாக வரும் மாஷு, தலையில் கொம்பும் கையில் நெருப்புமாக நிற்கிற அந்தப் பெண், அவனுக்குப் பிறக்கவேண்டிய மகள் என்றே எனக்குப் பட்டது. நீ இதை ஒத்துக்கொள்ள மாட்டாய். போகட்டும்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பேராசிரியர் எபாரா இருக்கிறாரே, கிமிமாரோவிடம் சண்டையில் தோற்று, அடமானம் வைத்த எதிர்காலத்தை இழக்கிறவர். வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் இல்லை. செத்துப்போகவில்லை, பிறக்கவே இல்லை. மனைவிக்கு அப்படி யாரையும் ஞாபகமே இல்லை. அந்த இடத்தில் டிவியை நிறுத்திவிட்டு உன் அறைக்குப் போய் லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். உனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஆனால் அதைவிட அந்தப் பெண் ஹனாபிதான் என்னைத் தூங்கவிடவில்லை. டீச்சராக வேண்டும் என்று ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் பின்னால் ஒருநாள், அப்படி ஒரு ஆசை இருந்ததே தெரியாதவளாக நிற்கிறாள். அழவில்லை, இழந்தது தெரிந்தால்தானே அழுவதற்கு. பெரும்பணக்காரன் மிகுனி, இன்றைக்கு நாடு பிழைக்கவேண்டும் என்று நாளையை அடகு வைத்துப் பணம் புரட்டியதன் விளைவு அது. மிகுனியை என்னால் திட்ட முடியவில்லை. இன்றைக்கு உலை கொதிக்கவேண்டுமே என்று கணக்குப் போடுகிற ஆள், என்னைப் போல.

இதெல்லாம் பார்த்து முடித்த வாரத்தில்தான் நீ போன் செய்தாய். வாங்கப் போகிற ஃப்ளாட்டின் பிளானை வைத்துக்கொண்டு, ஜன்னலைத் தப்பான பக்கம் வைத்திருக்கிறார்கள், காற்றே வராது என்று பத்து நிமிஷம் பொரிந்தாய். எனக்குச் சந்தோஷமாகி, "ஆர்க்கிடெக்ட் ஆகணும்னு நின்னவளாச்சே" என்றேன். "நானா? எப்போப்பா?" என்று சிரித்தாய். நிஜமாகவே மறந்துவிட்ட சிரிப்பு அது. எனக்கு அப்புறம் பேச்சே ஓடவில்லை. நீ டவர் கிடைக்கவில்லை என்று நினைத்திருப்பாய்.

கயல், 2008-இல் உன் படிப்புக்கென்று போட்டுவைத்திருந்த டெபாசிட்டை நான் முதிர்வுக்கு முன்பே உடைத்தேன். மூன்றரை லட்சம். அந்த ஜனவரியில் சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டபோது எங்கள் ஆபீஸில் டீ கொண்டுவருகிறவர்வரை ஷேர் பேசினார்கள். ஒரு வருஷத்தில் இரட்டிப்பாக்கி இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அக்டோபரில் சென்செக்ஸ் 8,000-க்குக் கீழே போனது. கையில் மிஞ்சியது எழுபதாயிரத்துச் சொச்சம். அம்மாவுக்கே இரண்டு வருஷம் கழித்துத்தான் சொன்னேன். 2009-இல் நீ ப்ளஸ் டூ முடித்து ஆர்க்கிடெக்சர் என்று வந்து நின்றபோது, "அஞ்சு வருஷப் படிப்பு எதுக்கும்மா, கம்ப்யூட்டர் சயின்ஸ்னா நாலே வருஷம், உடனே வேலை" என்று நான் விளக்கியதெல்லாம் பொய். பணம் இல்லை, அதுதான் விஷயம். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்திருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன். பார், இப்போதும் பழியை உன் பக்கம் கொஞ்சம் தள்ளுகிறேன்.

உன் வேலை, சம்பளம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. நீயும் சந்தோஷமாகத்தான் இருக்கிறாய். டீச்சர் ஆசையை மறந்த பிறகு ஹனாபியும் அப்படித்தான் இருந்தாள்.

கடைசியில் கிமிமாரோ நோட்டு அச்சடிக்கும் இயந்திரத்தைப் பின்பக்கமாக ஓடவிடுகிறான். அடகு போன எதிர்காலம் மீள்கிறது. ஆனால் யென் போய்விடுகிறது, ஜப்பானில் டாலர் புழங்குகிறது. பார்த்தபோது 2016 நவம்பர் 8 ராத்திரி ஞாபகம் வந்தது. வருஷக்கணக்காக எண்ணிய ஆயிரம் ரூபாய் நோட்டு பன்னிரண்டு மணிக்குமேல் வெறும் காகிதம் என்றபோது நான் அந்தப் பையனைப் போலத்தான் முழித்தேன். என் கதையில் பின்பக்கமாக ஓட்ட இயந்திரம் ஏதும் இல்லை.

பரணில் ஹார்டு டிஸ்க்கோடு ஒரு கட்டும் கிடைத்தது. பேங்கில் பழைய மாடல் என்று ஒதுக்கிய செலான்களை உனக்குப் படம் போடக் கொண்டுவருவேனே, அது. முன்பக்கம் 'தொகை எழுத்தால்' என்று கோடு, பின்பக்கம் முழுக்க வீடு. ஸ்கேல் வைத்துப் போட்ட பிளான். ஒவ்வொரு சுவருக்கும் அளவு, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதற்கு வளைவுக் கோடுகூட இருக்கிறது. ஒன்றில் 'அப்பா ரூம்' என்று எழுதி, கிழக்குப் பார்த்து இரண்டு ஜன்னல் வைத்திருக்கிறாய். ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ, தேதி போடவில்லை. இருபத்தாறு செலான் இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் இதோடு அனுப்புகிறேன், மற்றவை இங்கேயே பத்திரமாக இருக்கட்டும்.

அதில் மாடிப்படி சமையலறைக்குள்ளிருந்து ஏறுகிறது. நான் எப்படித் திருப்பிப் பார்த்தாலும் காரணம் பிடிபடவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. ஏன் அங்கே வைத்தாய் என்று யோசித்து எழுது.

அப்பா
கும்பகோணம்