உலக மக்கள் தொடர்பு அமைப்புகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு திறந்த மடல்

அனைத்துலக மக்கள் தொடர்புச் சங்கத்தினருக்கும் மக்கள் தொடர்புக்கான உலகக் கூட்டமைப்பின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

2012இல் மெல்பேர்னில் உலகக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட ஆவணம், செவிமடுக்கும் பண்பாட்டை நிறுவனங்களுக்குள் வளர்ப்பது நம் தொழிலின் கடமை என்கிறது. அதை முழு மனதோடு ஏற்கிறேன். யாழ்ப்பாணத்தில் இதே தொழில் செய்பவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: உங்கள் உரையாடல்களில் நீங்கள் யாருக்குச் செவிமடுக்கிறீர்கள்? மாநாட்டு மேடைகளில் பேசுவோர் பெரும்பாலும் அறிக்கை எழுதியவர்கள். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர்களுக்கு அங்கே கதிரை இல்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ள சுன்னாகம் என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரைக் கிணற்றில் அள்ளித்தான் குடிக்கிறோம். 2014, 2015 காலத்தில் அங்குள்ள மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது பெரும் பிரச்சினையாக வெடித்தது. வாளியை மேலே இழுத்தால் தண்ணீரின் மேல் மினுங்கும் ஒரு படலம். கிட்டக் கொண்டுபோனால் எண்ணெய் மணம். சனம் கேட்டது ஒரே கேள்விதான்: இந்தத் தண்ணியைக் குடிக்கலாமா, பிள்ளைக்கு வார்க்கலாமா? ஒரு தரப்பு பயப்பட ஒன்றுமில்லை என்றது, மற்றத் தரப்பு தொடவே வேண்டாம் என்றது. ஆய்வறிக்கைகளோ ஆய்வாளர்களுக்கு மட்டுமே விளங்கும் நடையில் இருந்தன. தண்ணீர் பவுசர் எப்போது வரும் என்பதைக்கூட அயலவரிடம் விசாரித்துத்தான் அறிய வேண்டியிருந்தது. 2019இல் நாட்டின் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்க உத்தரவிட்டது. சட்டம் தன் வேலையைச் செய்தது. தகவல் எங்கே, யாரிடத்தில் சிக்கி நின்றது என்று எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் ஒருமுறையாவது கூடியிருந்து கதைத்ததை மட்டும் நான் இன்றுவரை காணவில்லை.

கதைத்தால் பலன் உண்டு. 2017இல் பெல் பொட்டிங்கர் என்ற லண்டன் மக்கள் தொடர்பு நிறுவனம், தென்னாப்பிரிக்காவில் இனப்பகையைக் கிளறும் பிரசாரம் செய்ததற்காக பிரித்தானியத் தொழில்சார் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. சில நாட்களில் அந்த நிறுவனமே கவிழ்ந்தது. முறைப்பாடு கொடுத்தது தென்னாப்பிரிக்காவின் ஜனநாயகக் கூட்டணிக் கட்சி. செய்தி போய் விழுந்த மண்ணிலிருந்து குரல் எழுந்ததால்தான் அது நடந்தது. மனித உரிமைப் பிரகடனத்தை அடியாகக் கொண்டு 1965இல் ஏதென்ஸில் அனைத்துலகச் சங்கத்தினராகிய நீங்கள் வகுத்த நெறிமுறைக்கு உயிர் கொடுப்பது இப்படிப்பட்ட குரல்களே.

ஆகவே, விருது வாங்கிய பிரசாரங்களின் கதைகளைக் கொஞ்சக் காலம் ஒதுக்கி வையுங்கள். கூடும்போது தவறிப்போன ஒரு சம்பவத்தை மட்டும் எடுங்கள். அதற்கான தாள்களைச் சில வாரங்களுக்கு முன்பே, பாதிக்கப்பட்டவர்களின் மொழியிலும் அனுப்புங்கள். கொழும்பில் ஆங்கிலத்தில் எழுதி முடித்த அறிக்கை இரவு பத்து மணிக்கு எங்களிடம் வரும், "காலையில பேப்பருக்குப் போகவேணும், கெதியாத் தமிழாக்குங்கோ" என்ற அவசரத்தோடு. அந்த அவசரத்தில் யோசிக்க முடியாது. சரளமான ஆங்கிலம் உள்ளவர் முந்திக்கொண்டு பேசி முடிக்கும் கூட்டத்திலும் முடியாது. முதலில் பேசும் வாய்ப்பை, பாதிப்பை அனுபவித்தவருக்குக் கொடுங்கள். பக்கத்தில் நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இருத்துங்கள். உடன்பாடு வராத இடங்களையும் கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதி வையுங்கள். எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் எல்லோரும் ஒத்துக்கொண்ட வாசகங்களை விட அந்த இடங்களிலிருந்தே அடுத்த நாட்டுக்காரர் கூடுதலாகக் கற்பார்.

சுன்னாகத்தையே முதலில் எடுப்பதென்றால், கிணற்றுச் சொந்தக்காரர்களோடும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களோடும் பேசி, வர விரும்புவோரை அழைத்துவரும் பொறுப்பை நான் ஏற்கிறேன். கூட்டத்தை யாழ்ப்பாணத்திலேயே வையுங்கள். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்து மக்கள் தொடர்பு அலுவலர் ஒருவர்