காசு கொடுக்கும் முன் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் செவ்வாய்பேட்டை, லீ பஜார் பக்கமுள்ள கடைகளுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பது என் தொழில். கோடை மழை தொடங்கிவிட்டால் என் போன் ஓயாது. சேர்வராயன் மலைப் பக்கம் இடி இடித்தாலே இங்கே கரண்ட் போய்விடும். திரும்பி வந்ததும், "பில் போடும் சர்வர் எழவே இல்லை, வியாபாரம் நிற்கிறது" என்று கடைக்காரர்கள் பதறுவார்கள். காலையில் கல்லாவில் உட்கார்ந்து உங்கள் நாளிதழைப் படிப்பவர்கள் அவர்கள்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலும் மெஷினில் கோளாறு இருக்காது. இந்த சர்வர்களில் இருக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில், பில் கணக்கைச் சேமிக்கும் டேட்டாபேஸ் போன்ற புரோகிராம்கள் யார் கண்ணிலும் படாமல் பின்னணியில் ஓட வேண்டியவை. அமைத்துக் கொடுத்தவர் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட்' என்ற கட்டளையை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அது அப்போதைக்கு ஓட்டும், அவ்வளவுதான். மெஷின் எழும்போதெல்லாம் தானாக ஓட 'எனேபிள்' கொடுக்க வேண்டும். எனேபிள் மட்டும் கொடுத்தாலோ இப்போது ஓடாது. இரண்டையும் சேர்த்துச் செய்ய 'எனேபிள் --நௌ' என்று ஒரே கட்டளை இருக்கிறது. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில், பின்னணி புரோகிராம்களைக் கவனிக்க 2015 முதல் இந்தக் கட்டளைகளின் சொந்தக்காரரான சிஸ்டம்டிதான் வழக்கம். புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

இதைவிடக் கூத்து ஒன்று உண்டு. ஒரு கொலுசுக் கடையில் மானிட்டர் ஓரத்தில் செல்லோ டேப் போட்டு, 'இந்தக் கறுப்பு ஜன்னலை மூடாதீர்கள்' என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். டெர்மினல் என்ற, கட்டளை தட்டும் அந்த ஜன்னலில் கையால் ஓடவிட்ட புரோகிராம். ஜன்னலை மூடினால் அதுவும் போச்சு. மேசை துடைத்த பையன் மூடிவிட்டான், திட்டு அவனுக்கு! புரோகிராமை எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லும் ஒரு சர்வீஸ் கோப்பு எழுதி, ஈடிசி டைரக்டரிக்குள் சிஸ்டம்டி, அதற்குள் சிஸ்டம் என்ற டைரக்டரியில் வைத்து, 'ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தால் சீட்டே தேவையில்லை. புரோகிராம் இடையில் விழுந்தாலும் தானே எழுந்துவிடும்.

பக்கத்து மேசை கம்ப்யூட்டரிலிருந்து பில் போட வேண்டும் என்று டேட்டாபேஸ் இணைப்புகளுக்காகக் காத்திருக்கும் நெட்வொர்க் முகவரியை 0.0.0.0 என்று மாற்றிவிடுவதும் நடக்கிறது. எல்லாப் பக்கமும் கதவைத் திறந்து வைப்பது அது. கடைக்குள் இருக்கும் நெட்வொர்க் முகவரி ஒன்றே போதும். ஒரே மெஷின் என்றால், அந்த மெஷினை மட்டும் குறிக்கும் 127.0.0.1 போதும்.

யுபிஎஸ் வாங்கினால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு: பேட்டரியும் ஒரு கட்டத்தில் தீரும். ஆகவே அமைத்தவர் கிளம்பும் முன், உங்கள் எதிரிலேயே ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ப்ளக்கைப் பிடுங்க வேண்டாம், டேட்டா கெட்டுப்போகலாம். மெஷின் எழுந்தபின் யாரும் அதன் கீபோர்டைத் தொடாமல், வேறு கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பில் போட்டுப் பாருங்கள். வந்தால் காசு கொடுங்கள். கரண்ட் திரும்பியதும் மெஷின் தானே ஆன் ஆக பயாஸில் (மெஷின் எழும்போது முதலில் ஓடும் அமைப்பு) ஒரு செட்டிங் உண்டு, அதையும் கேளுங்கள்.

அப்புறம், சர்வீஸின் பெயர், அமைப்புக் கோப்பு இருக்கும் இடம் இரண்டையும் கடை நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டாலும், அடுத்து வருபவர் சிஸ்டம்டியின் பதிவேட்டைக் காட்டும் 'ஜர்னல்சிடிஎல் -யு' கட்டளை போட்டு அந்த சர்வீஸ் பெயரை அடித்தால் எங்கே நின்றது என்று தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் பராமரிப்பாளர் ஒருவர்,
அம்மாப்பேட்டை, சேலம்