ஹெர்ஷி பழைய அரங்கத்து மனிதர்களுக்கு நன்றி

ஹெர்ஷிபார்க் அரினாவில் எங்களோடு உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்களுக்கும் அங்கே வேலை பார்த்தவர்களுக்கும் வணக்கம்.

நம் ஐஸ் ஹாக்கி அணியான ஹெர்ஷி பேர்ஸ் 2002-இல் ஜயன்ட் சென்டர் என்ற புது அரங்கத்துக்குக் குடிபோய்விட்டது. பழைய அரங்கத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் முகங்கள்தான் ஞாபகம் வருகின்றன.

பென்சில்வேனியாவுக்கு வந்த புதிதில் எங்களுக்கு ஐஸ் ஹாக்கியில் ஒன்றும் புரியாது. பக் என்கிற அந்த ரப்பர் வட்டு எந்தப் பக்கம் போகிறது என்றே கண்ணுக்குப் பிடிபடாது. பின்வரிசைப் பெரியவர் ஒருவர் என் தோளைத் தட்டி, "பக்கை விடு, ஆளைப் பார்" என்றார். டிக்கெட்டின் பின்புறம் பேனாவால் எதிரணிப் பக்கம் தொடங்கும் நீலக்கோட்டை வரைந்து, பக் அதைத் தாண்டுமுன் நம் ஆள் தாண்டினால் ஆஃப்சைடு என்று காட்டினார். 1988-இல் பேர்ஸ் பிளேஆஃபில், அதாவது சீசன் கடைசியில் நடக்கும் நாக்அவுட் சுற்றுகளில், ஆடிய 12 ஆட்டத்தையும் ஜெயித்து லீக்கின் சாம்பியனுக்கான கால்டர் கோப்பையைத் தூக்கிய கதையை அவர் சொல்லித்தான் கேட்டேன். ஐயா, எங்களை பேர்ஸ் ரசிகர்கள் ஆக்கியது நீங்கள்தான்.

அந்தப் படிகள் செங்குத்தானவை. கைக்குழந்தையோடு தடுமாறிய என் மனைவியின் பையை வாங்கி, முன்னால் ஏறி, இருக்கைவரை கொண்டுவந்து வைத்த அம்மா, உங்களுக்கும் நன்றி. அவ்வளவு உயரத்திலும் ஸ்கேட் ஐஸைக் கீறும் சத்தம் கேட்கும். பக் பலகையில் மோதினால் கூரை முழுக்க அதிரும். புது அரங்கம் வசதியானதுதான், ஆனால் அந்தச் சத்தம் அங்கே இல்லை.

நடுவில் ஒரு தூண்கூட இல்லாத அந்தக் கான்கிரீட் கூரையை வடிவமைத்தவர் பொறியாளர் ஆன்டன் டெடெஸ்கோ. பொருளாதார வீழ்ச்சியில் நாடே வேலையில்லாமல் தவித்த காலத்தில் சாக்லேட் கம்பெனி முதலாளி மில்டன் ஹெர்ஷி ஊராருக்கு வேலை கொடுத்துக் கட்டவைத்தார். 1936-இல் திறந்தார்கள். அன்று கலவை சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் தாத்தாக்களுக்கும் எங்கள் நன்றி.

வெளியூர்க்காரர்கள் 1962-இல் கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லைன் இங்கே ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்ததைத்தான் பேசுவார்கள். பெரிய விஷயம்தான். எனக்கு இது ஃபிராங்க் மாதர்ஸின் அரங்கம். 1956-இல் வந்தவர், ஆட்டக்காரராக, பயிற்சியாளராக, நிர்வாகியாக 1991 வரை இந்த அணியோடேயே இருந்தார். அப்புறம் 1997. எட்டாவது கோப்பை. அந்த சீசனில் முன்பின் தெரியாதவர்கள்கூட எங்களைக் கட்டிப்பிடித்தார்கள்.

இடைவேளையில் ஐஸைச் சமப்படுத்தும் ஜாம்போனி ஓட்டுநரே, எங்கள் மகன் கையசைக்கும்போதெல்லாம் பதிலுக்குக் கையசைத்தீர்கள். அவன் இன்னும் சொல்வான்.

கடைசியாக, எங்கள் வரிசைக்காரர்களுக்கு. ஜயன்ட் சென்டரில் இருக்கை ஒதுக்கியபோது எங்களையும் சேர்த்து, எல்லோருக்கும் பக்கத்துப் பக்கத்து இடமாகக் கேட்டு வாங்கினீர்கள். நாங்கள் கேட்கவே இல்லை. அதற்கு ரொம்ப நன்றி.

அன்புடன்,
மேல்வரிசைக் குடும்பம்