கோடையில் வரும் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

இந்தக் கோடை விடுமுறையில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இருவரை உன் பொறுப்பில் ஒப்படைக்கப்போகிறார்கள் என்றும், அதனால் உன் சொந்த ஆய்வு தடைப்படுமோ என்று கவலையாக இருப்பதாகவும் தொலைபேசியில் சொன்னாய். நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவள் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன்: திரவத்தை அளந்தெடுக்கும் பைப்பெட்டை அவர்கள் கையிலிருந்து வாங்கிவிடாதே.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கிரஹாம் ஹாட்ஃபுல்லின் ஆய்வுக்கூடம் பள்ளிப் பிள்ளைகளையும் ஃபேஜ், அதாவது பாக்டீரியாவைத் தாக்கி அழிக்கும் வைரஸ், தேட வைத்ததை நீ அறிவாய். மண்ணைத் தோண்டியெடுப்பதும், அதைக் கரைத்து 0.22 மைக்ரான் வடிகட்டியில் இறக்குவதும், கண்டெடுத்த ஃபேஜுக்குப் பெயர் வைப்பதும் அவர்கள் வேலையாகவே இருந்தன. உன் மாணவர்களுக்கும் அப்படியே விடு. பாக்டீரியாவைக் கலந்து தட்டின் மேல் பரப்பும் கூழான மேல் அகரை ஊற்றும்போது நிச்சயம் தடுமாறுவார்கள். சூடு ஆறுவதற்குள் கலந்தால் பாக்டீரியா செத்துப்போகும், தயங்கி நின்றால் குழாயிலேயே கட்டிகட்டியாக உறைந்துவிடும். அந்தப் பதம் சொல்லி வருவதில்லை, நாலைந்து தட்டுகள் பாழானால்தான் கை அறியும். ஃபேஜ் தேடத் தட்டில் வளர்க்கும் பாக்டீரியாவான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸ் காசநோய்க் கிருமியின் உறவாக இருந்தாலும் ஆரோக்கியமானவர்களைப் பொதுவாக அண்டாது என்பதால் பயப்படத் தேவையில்லை. ஆனாலும் கையுறையிலும், நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலும் சலுகை காட்டாதே.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. மண்சாறு சேர்க்காத கட்டுப்பாட்டுத் தட்டு ஒன்றை ஒவ்வொரு முறையும் அவர்கள் வைத்தாக வேண்டும். பாக்டீரியப் படலத்தில் தெளிந்த புள்ளி ஒன்றைக் கண்டதும், ஃபேஜ் பாக்டீரியாவைக் கொன்ற இடம் அது என்று துள்ளிக் குதிப்பார்கள். அந்தத் தட்டிலும் அதே புள்ளி இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல். ஒன்றுமே தென்படாத நாளையும் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுத வை.

2010-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவி அழுகிய கத்தரிக்காயின் அடிப்புறத்திலிருந்து ஒரு ஃபேஜைப் பிரித்தெடுத்தாள். 2018-இல், நுரையீரல் மாற்று அறுவைக்குப் பின் எந்த மருந்துக்கும் அடங்காத பாக்டீரியத் தொற்றால் அவதிப்பட்டு லண்டனில் சிகிச்சை பெற்ற சிறுமி ஒருத்திக்குக் கொடுத்த மூன்று ஃபேஜ்களில் அதுவும் ஒன்று. அந்தச் சிறுமியின் உடல்நிலை அப்போது வெகுவாகத் தேறியது. கத்தரிக்காயைக் கிளறிய அன்று அந்த மாணவிக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. பாதுகாத்து வைத்த குழாயும், எங்கே எப்போது எடுத்தது என்ற குறிப்பும் இருந்ததால்தான் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அது கைகொடுத்தது. உன் மாணவர்கள் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டும்போது பக்கத்தில் நின்று பார், அம்மா.

அவர்களின் முதல் தட்டுகளைப் படமெடுத்து எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா