ஆவணிக்கு முன்னால்

வென்ட்வொர்த்வில், சிட்னி
13 ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே நல்ல குளிர்காலம். காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது கார் கண்ணாடியில் பனி உறைந்து கிடக்கிறது, சுரண்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை.

இந்தக் கடிதத்தை நீங்கள் மட்டும் படியுங்கள் அப்பா. போனில் பேசினால் பாதியில் அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

சின்ன அத்தை மகன் உங்களிடம் தனியாக உட்கார்ந்து மனதில் இருந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறான். தனக்குப் பெண் பார்க்க வேண்டாம், கோயம்புத்தூரில் கூடத் தங்கியிருப்பவன் வெறும் ரூம்மேட் இல்லை என்று. குடும்பத்தில் இத்தனை பேர் இருக்க, சொல்வதற்கு அவன் உங்களிடம் வந்திருக்கிறான். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் நீங்கள், "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும், ஆடி கழியட்டும், ஆவணியில பொண்ணு பார்த்துடலாம்னு அத்தை சொல்றா, எனக்கும் அதுதான் சரின்னு படுது" என்றீர்கள். நான் இங்கே போய்வந்த கல்யாணத்தைப் பற்றிச் சொன்னதும், "ரெண்டு பொம்பளைங்களுக்கு எதுக்குக் கல்யாணம்? சேர்ந்து இருந்துட்டுப் போகட்டுமே, யார் கேட்டா?" என்றும் கேட்டீர்கள்.

அது நல்ல கேள்வி. இங்கேயும் பல பேர் அதையேதான் கேட்டார்கள்.

அந்தக் கல்யாணம் எங்கள் வார்டில் இருக்கும் ஒரு சீனியர் நர்ஸுடையது. அறுபதை நெருங்கும் வயது. நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், நோயாளிகள் பேசுவது புரியாமல் முழித்தபோதெல்லாம் பக்கத்தில் வந்து நின்றவர். அவரும் அவர் துணைவியும் முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். ஒரே பாலினத்தவரும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று 2017 கடைசியில் இங்கே சட்டம் வந்த பிறகும், இந்த வயதில் என்ன என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்கள். போன வருடம் துணைவிக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் நடந்தது. அதற்கப்புறம் தள்ளிப் போடவில்லை. பரமட்டா பூங்காவில் ஆற்றோரப் புல்வெளியில், மடக்கு நாற்காலிகள் போட்டு, கேக்கும் தேநீருமாக நடந்தது. பூசாரியும் இல்லை, பாதிரியாரும் இல்லை. அரசாங்கத்தில் பதிவு பெற்ற ஓர் அம்மா நடத்தி வைத்தார். இரண்டு சாட்சிகளில் ஒருத்தி நான். கையெழுத்துப் போடும்போது காற்றில் தாள் பறக்கப் பார்த்தது. அந்தத் துணைவி, ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் சரியாகத் தூக்க முடியாத அந்தக் கையாலேயே தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

இங்கே மதச் சடங்கில்லாத எந்தக் கல்யாணத்திலும் நடத்தி வைப்பவர் சட்டம் சொல்லும் ஒரு வாக்கியத்தை வாசித்தாக வேண்டும். 2004-ல், ஜான் ஹோவர்ட் பிரதமராக இருந்தபோது, திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் சேர்வது மட்டும்தான் என்று சட்டத்தில் எழுதிவிட்டார்கள். அதற்கப்புறம் தங்கள் அண்ணனுடைய, தங்கையுடைய கல்யாணங்களில் எல்லாம் அந்த வாக்கியத்தைக் கேட்டபடி என் தோழியும் துணைவியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அன்றைக்கு, இருவர் விரும்பி வாழ்நாள் முழுக்க ஏற்கும் உறவு என்று அந்த அம்மா வாசித்தபோது என் தோழி அழுதுவிட்டார். வார்டில் எத்தனையோ சாவைப் பார்த்தும் கலங்காதவர்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். முப்பது வருடம் சேர்ந்துதானே இருந்தார்கள், அப்புறம் எதற்குக் காகிதம்? 2016 ஜனவரியில், பிரிட்டனில் சட்டப்படி மணம் முடித்த இரண்டு ஆண்கள் தேனிலவுக்கு அடிலெய்டு வந்திருந்தார்கள். ஒருவர் மாடிப்படியில் விழுந்து இறந்துபோனார். மரணச் சான்றிதழில் அவர் திருமணமே ஆகாதவர் என்று போட்டுவிட்டார்கள். பக்கத்திலேயே நின்ற கணவர் சட்டத்துக்கு யாரோ ஒருவர். செய்தி வெளியே வந்ததும் அந்த மாநிலத்தின் பிரீமியர், அதாவது முதல்வர், அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார்.

நீங்கள் வி.ஏ.ஓ.வாக இருந்து எத்தனை வாரிசுச் சான்றிதழுக்கு விசாரணை செய்திருப்பீர்கள். பட்டியலில் பெயர் இல்லாத ஆள், எத்தனை வருடம் சோறு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாலும், தாலுகா ஆபீஸ் வாசலோடு சரி. நல்ல நாளில் யாரும் கேட்க மாட்டார்கள்தான். ஆபரேஷன் தியேட்டர் வாசலிலும், சாவு வீட்டிலும், பென்ஷன் மனுவிலும் கேட்பார்கள். நான் தினமும் அந்த வாசலில்தான் நிற்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இன்னொன்று, இது நம் வீட்டு விஷயம். தாத்தாவும் அப்பத்தாவும் 1955-ல் ஐயரில்லாமல், மேடையில் மாலை மாற்றி சுயமரியாதைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தமாதிரிக் கல்யாணம் செல்லாது என்று சொல்லியிருந்தது. அண்ணா முதல்வராகி, 1967-ல் சட்டம் கொண்டுவந்த பிறகுதான், முன்னால் நடந்தவையும் சேர்ந்து செல்லுபடி ஆயின. நீங்கள் பிறந்தது 1957. பத்து வயதுவரை சட்டத்தின் கண்ணில் உங்கள் அப்பா அம்மா கணவன் மனைவி இல்லை. கிணற்றுப் பங்குத் தகராறில் பங்காளி வீட்டார் அப்பத்தாவைப் பார்த்து என்ன வார்த்தை சொன்னார்கள் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். சொல்லும்போது அறுபது வயதிலும் உங்கள் குரல் நடுங்கியது. அந்த வார்த்தையைச் சொல்லும் தைரியத்தை அவர்களுக்குக் கொடுத்தது சட்டம்தானே அப்பா?

அந்த 1967 சட்டம் கேட்பது என்ன? உறவினர், நண்பர்கள் முன்னால், தங்களுக்குப் புரியும் மொழியில், இவரை என் துணையாக ஏற்கிறேன் என்று சொன்னாலும் போதும். மாலை மாற்றினாலும், மோதிரம் போட்டாலும், தாலி கட்டினாலும் போதும். பரமட்டா பூங்காவில் நான் பார்த்ததும் அதைத்தான். தாத்தா இருந்திருந்தால் அந்தச் சடங்கில் அவருக்குப் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது.

பண்பாடு கெட்டுவிடும் என்பீர்கள். 2017-ல் இங்கே வீட்டுக்கு வீடு தபாலில் படிவம் அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். எனக்கு அப்போது குடியுரிமை இல்லை. இங்கே தேர்தலில் ஓட்டுப் போடாவிட்டால் அபராதம், ஆனால் இது கட்டாயமில்லை. அப்படியும் நூற்றுக்கு 79.5 பேர் பதில் அனுப்பினார்கள். 61.6 சதவீதம் வேண்டும் என்றது. நம் ஆட்கள் நிறைய இருக்கும் பரமட்டா தொகுதியில் கதை தலைகீழ், 60 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றது. கோயிலிலும் தமிழ்க் கடைகளிலும் அன்று பேசியதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், கோயிலில் கட்டி வைக்கச் சொல்லுவார்கள் என்று. எதுவும் நடக்கவில்லை. எந்த மதக் குருவையும் கட்டாயப்படுத்த முடியாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. முருகன் கோயிலில் முகூர்த்தங்கள் எப்போதும்போல நடக்கின்றன. என் தோழிக்கு அந்த நாட்களில் வலித்தது வேறு. தன் கல்யாணம் சரியா தப்பா என்று பக்கத்து வீட்டுக்காரர் டிக் அடித்துத் தபாலில் போடுகிறார், அவரிடம் மறுநாள் காலையில் வணக்கம் சொல்ல வேண்டும் என்றார்.

இது வெள்ளைக்காரன் சமாச்சாரமும் இல்லை. தைவானில் 2019-ல் வந்துவிட்டது, தாய்லாந்தில் இந்த ஜனவரியில். வெள்ளைக்காரன் நமக்குக் கொடுத்துவிட்டுப் போனது, இவர்கள் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவைத்தான். 1860-ல் எழுதிய அந்தப் பிரிவு, வயது வந்த இருவர் விரும்பிச் சேர்வதற்குப் பொருந்தாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம், திருமண உரிமையைத் தர எங்களால் முடியாது, நாடாளுமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. அன்று எனக்கு நைட் டியூட்டி. இடைவேளையில் போனில் படித்தபோது நெஞ்சு கனத்தது. ஒன்றாக இருப்பது குற்றமில்லை, ஆனால் ஒருவருக்கொருவர் யாரும் இல்லை என்றால், அந்த வாழ்க்கையை எதன்மேல் கட்டுவது? ஆனாலும் இந்த மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள், வீட்டார் அடைத்து வைத்திருந்த ஓர் இளம்பெண்ணை அவள் விருப்பப்படி போகவிட்டு, கல்யாணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்றில்லை, ஒரே பாலினத்தவரும் குடும்பமாக வாழலாம் என்று எழுதியிருக்கிறார்கள். பேப்பரில் வந்திருக்கும், தேடிப் படியுங்கள். அங்கேயிருந்து சட்டத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று நம்புகிறேன்.

அதுவரை அவனை ஒரு பெண்ணோடு கட்டி வைத்துவிட வேண்டாம் அப்பா. அவன் ஒருவன் படுவது போதாதா? அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? அவளும் ஒரு வீட்டில் ஆசையாக வளர்ந்தவள்தான். என்னையே அப்படி ஒருவருக்குக் கொடுத்திருந்தால், தெரிந்தே கொடுத்தவரை நீங்கள் மன்னித்திருப்பீர்களா?

அத்தை உங்கள் பேச்சைத்தான் கேட்பாள். அவன் சொன்னதை நீங்கள் அவளிடம் சொல்ல வேண்டாம், அதைச் சொல்ல வேண்டியவன் அவன். இப்போதைக்குப் பெண் பார்க்கும் பேச்சு வேண்டாம் என்று மட்டும் சொல்லி ஜாதகத்தைத் திரும்ப வாங்கி வைத்துவிடுங்கள். அப்புறம் அடுத்த முறை கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஹோட்டலில் தங்காமல் அவர்கள் வீட்டில் தங்குங்கள். அந்தப் பையன் நன்றாக மீன் குழம்பு வைப்பானாம், இவன் சொன்னான்.

மாத்திரைக்கும் அம்மாவின் பிசியோதெரபிக்கும் சேர்த்துப் பணம் அனுப்பியிருக்கிறேன். ஆகஸ்ட் முதல் வாரம் எனக்குப் பகல் ஷிஃப்ட், சாயங்காலம் கூப்பிடுகிறேன். அதற்குள் அத்தையிடம் பேசிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்