முதல் பை எத்தனை மணிக்கு வந்தது?

ஆசிரியருக்கு,

வணக்கம். டெல்டாவின் மருத்துவமனை ஒன்றில் ‘பெருமளவு ரத்தமேற்றல் நெறிமுறை’ நடைமுறைக்கு வந்திருப்பதைப் பற்றி உங்கள் நிருபர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ரத்தம் கொட்டும் நோயாளிக்காக ஒரே தொலைபேசி அழைப்பில் சிவப்பணு, ரத்தம் உறைய உதவும் பிளாஸ்மா, தட்டணு மூன்றும் பெட்டிகளில் அறுவை அரங்குக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். நல்ல செய்திதான். ஆனால் நெறிமுறை வந்த பிறகு பிழைத்தவர்களின் எண்ணிக்கையைக் கட்டம் கட்டிப் போட்டு, அதையே வெற்றிக்குச் சான்றாகக் காட்டியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முப்பது ஆண்டுகள் ரத்த வங்கிகளில் ஆய்வக நுட்பநராக வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு சம்பா அறுவடைக் காலம். நான் இரவுப் பணியில் இருந்த மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிறகு உதிரப்போக்கு நிற்கவில்லை. முதலில் வந்த சீட்டில் இரண்டு யூனிட் கேட்டிருந்தார்கள். அதற்குப் பொருத்தம் பார்த்து முடிப்பதற்குள் இரண்டாவது சீட்டு வந்தது. அதோடு புது ரத்த மாதிரி வரவில்லை என்று திருப்பி அனுப்பினேன். எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி அப்படி, விதியைக் காப்பாற்றினேன். ஊழியர் மறுபடியும் முற்றத்தைக் கடந்து, மாடியேறிப் போய் வந்தார். மூன்றாவது சீட்டில்தான் பிளாஸ்மா கேட்டார்கள். உறைந்த பிளாஸ்மா கல் மாதிரி இருக்கும். 37 டிகிரி நீர்த்தொட்டியில் அது உருக அரை மணி நேரம் வேண்டும். எங்களிடம் இருந்த தொட்டியில் ஒரு நேரத்துக்கு நான்கு பைகள்தான் கொள்ளும். இதற்கிடையே அந்தப் பெண்ணின் கணவரை, ரத்தம் கொடுக்க ஆள் கூட்டி வரச் சொல்லி ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். வயலில் நின்றவர்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு அவர் வந்து சேர்ந்தபோது பொழுது விடிந்திருந்தது.

கருப்பையை எடுத்த பிறகு அந்தப் பெண் பிழைத்தார். பிழைத்துவிட்டதால் அந்த இரவைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நம் மாநிலத்தில் பிரசவ மரணம் ஒவ்வொன்றையும் தணிக்கை செய்கிறார்கள். பாராட்ட வேண்டிய வழக்கம். அந்தப் பெண் இறந்திருந்தால் இரண்டாவது சீட்டை ஏன் திருப்பி அனுப்பினாய் என்று என்னை நிற்க வைத்துக் கேட்டிருப்பார்கள். கேட்டிருக்கவும் வேண்டும்.

எனவேதான் பிழைத்தவர் கணக்கை மட்டும் வைத்து நெறிமுறைக்கு மதிப்பெண் போடாதீர்கள் என்கிறேன். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வட அமெரிக்காவின் 12 பெரிய விபத்துச் சிகிச்சை மையங்களில் 680 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. பிளாஸ்மா, தட்டணு, சிவப்பணு மூன்றையும் சரிக்குச் சரியாகப் பெற்ற குழுவையும், சிவப்பணுவை மட்டும் இரு மடங்காகப் பெற்ற குழுவையும் அதில் ஒப்பிட்டார்கள். 24 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் முதல் குழுவில் 12.7 சதவீதம், இரண்டாவதில் 17 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று புள்ளியியல் கைவிரித்துவிட்டது. ரத்தம் வடிந்தே இறந்தவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தபோதுதான் 9.2-க்கும் 14.6-க்கும் உள்ள வேறுபாடு துலங்கியது. 680 பேரை வைத்தே இவ்வளவு இழுபறி என்றால், விரல் விட்டு எண்ணும் அளவுக்கே இப்படிப்பட்ட நோயாளிகள் வரும் ஒரு மருத்துவமனையின் ஓராண்டுக் கணக்கு எதை நிரூபிக்கும்?

பழைய பதிவேடுகளைப் புரட்டிக் கணக்கெடுப்பவர்கள் விழும் குழி ஒன்றும் உண்டு. பிளாஸ்மா உருகித்தான் வரவேண்டும் என்பதால் அது எப்போதும் தாமதமாகவே வரும். முதல் அரை மணி நேரத்தில் இறந்தவர் சிவப்பணுவை மட்டும் பெற்றிருப்பார். தாக்குப்பிடித்தவருக்குப் பிளாஸ்மாவும் கிடைத்திருக்கும். கணக்கில் பார்த்தால் பிளாஸ்மா நிறையப் பெற்றவர்கள் பிழைத்ததாகத் தெரியும். பிளாஸ்மா ஏறியதால் பிழைத்தார்களா, பிழைத்துக் கிடந்ததால் பிளாஸ்மா ஏறியதா என்று அந்த ஏடு சொல்லாது.

அப்படியானால் எதை அளப்பது? மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று ஜூன் 12 அன்று செய்தியில் சொல்வார்கள். கடைமடை விவசாயி அதைக் காதில் வாங்கிக்கொண்டு, தன் வாய்க்காலுக்குத் தண்ணீர் என்றைக்கு வரும் என்றுதான் கேட்பார். ரத்தத்துக்கும் அதே கேள்விதான். மருத்துவர் அழைத்தது எத்தனை மணிக்கு, பொருத்தம் பாராமல் கொடுக்கும் ஓ பிரிவு ரத்தத்தின் முதல் பை நரம்பில் ஏறத் தொடங்கியது எத்தனை மணிக்கு, முதல் பிளாஸ்மா எத்தனை மணிக்கு? பை வங்கியை விட்டுப் புறப்பட்ட நேரத்தைக் குறித்துத் திருப்திப்படுபவர்கள்தான் அதிகம். நானும் அப்படி இருந்தவன்தான். இடையில் கால்சியம் கொடுத்தார்களா என்றும் பார்க்க வேண்டும். பையில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட், நோயாளியின் உடலில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் குறைந்தால் ரத்தம் உறையாது, இதயமும் தளரும். குளிர்பெட்டியிலிருந்து வரும் ரத்தத்தைச் சூடேற்றாமல் பை பையாக ஏற்றினாலும் இதே கதைதான். உடம்பு குளிர்ந்தால் உறைதல் கெடும்.

ரத்தப்போக்கு நின்ற பிறகு வங்கிக்குத் தகவல் சொல்வது யார் என்பதும் நெறிமுறையில் இருக்க வேண்டும். சொல்ல மறந்தால் நாங்கள் உருக்கிக்கொண்டே இருப்போம். உருக்கிய பிளாஸ்மாவை மறுபடி உறைய வைக்க முடியாது. ஒவ்வொரு பையும் யாரோ ஒருவர் கையை நீட்டிக் கொடுத்தது.

மேல் சிகிச்சைக்கு வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் வர ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மருத்துவமனை வாசலில் வந்து நிற்கும்போது கடிகாரத்தை ஓடவிட்டால், வழியில் போன நேரம் கணக்கிலேயே வராது. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற ஊசி மருந்துக்கு ரத்த வங்கியே தேவையில்லை. விபத்தில் காயமடைந்த 20,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2010-ல் வந்த ஆய்வின் தரவுகளை அடுத்த ஆண்டு அலசியபோதும், பிரசவ உதிரப்போக்கு ஏற்பட்ட சுமார் 20,000 பெண்களை வைத்து 2017-ல் வந்த ஆய்விலும், 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அது ரத்தப்போக்கு மரணங்களைக் குறைக்கிறது என்று தெரிந்தது. ஆகவே, மேல் சிகிச்சைக்கு அனுப்பும் சீட்டில் அந்த ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்பதற்கு ஒரு கட்டம் வேண்டும். ஆம்புலன்ஸ் திருத்துறைப்பூண்டியைத் தாண்டும்போதே தஞ்சாவூருக்கு ஓர் அழைப்பு போனால், வண்டி வந்து நிற்கும்போது பிளாஸ்மா உருகித் தயாராக இருக்கும். இதற்குப் புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படத்தைப் பற்றி. ஐஸ் பெட்டிக்குள் சிவப்புப் பைகளுக்கு நடுவே மஞ்சளாக இரண்டு பைகள் தெரிகின்றன. அவை பிளாஸ்மா என்றால் சரி. தட்டணு என்றால் தவறு. அதை 20 முதல் 24 டிகிரிக்குள், அதற்கான கருவியில் ஆட்டிக்கொண்டே வைத்திருக்க வேண்டும். ஐஸில் வைத்தால் கெட்டுப்போகும். உங்கள் நிருபர் அடுத்த முறை அங்கே போகும்போது இதைக் கேட்டுவந்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரத்த வங்கி ஆய்வக நுட்பநர்,
திருவிடைமருதூர்
(பெயரை வெளியிட வேண்டாம்)