கிராமத்து இரவு யாருடைய பொறுப்பு? பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டப் பிரதேச சபைகளின் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் இரைச்சல் கட்டுப்பாட்டு விதிகள் 1996 மே மாதம் வர்த்தமானியில் வெளியாயின. மாநகர, நகர சபைப் பகுதிகளுக்கு அவை விதித்த எல்லை பகலில் 63 டெசிபெல், இரவில் 50. பிரதேச சபைப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45. மாலை ஆறு மணிக்கே சட்டப்படி இரவு தொடங்கிவிடுகிறது. சத்தம் எழும் காணியின் எல்லையில் நின்று அளக்கும்போது இந்த அளவைத் தாண்டக்கூடாது. ஆக, தம்பலகாமத்திலும் ஈச்சிலம்பற்றிலும் திரியாயிலும் வாழ்பவருக்கு நகரவாசியைவிடக் கூடுதலான அமைதிக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையைக் கேட்டுப் பெறுவதற்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊரில் வயல்கரையோரம் ஒரு விழா மண்டபம் இருக்கிறது. கல்யாணம், பிறந்தநாள் என்று எது நடந்தாலும் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை முற்றத்தில் அடுக்குகிறார்கள். இரவு பதினொரு மணிக்கு எங்கள் அடுக்களைத் தட்டில் கவிழ்த்து வைத்த கோப்பைகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கின்றன. கூரைத் தகரம் ஓயாமல் அதிர்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, அதற்கு மேல் துவாயையும் கட்டிக்கொண்டு கணக்குச் செய்கிறாள். பொலிஸ் நிலையத்துக்கு அழைத்தால், அனுமதி எடுத்துத்தான் போடுகிறார்கள் என்கிறார்கள். சபையில் கேட்டால், அது பொலிஸாரின் வேலை என்கிறார்கள். இன்னோர் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு தரச் சொன்னார்கள், கொடுத்தோம். அளக்க வந்தவர் வேலை நாளொன்றின் முற்பகலில் வந்தார். மண்டபம் பூட்டிக் கிடந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. விதிகள் கேட்கும் அளவீடு மனிதக் காதின் உணர்திறனை ஒட்டியது. அடித்தொனிகளை அது குறைத்தே கணக்கிடுகிறது. சுவரை உலுக்கும் அந்த 'தும் தும்' ஓசை கருவியில் சிறிய எண்ணாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். போதாக்குறைக்கு நம்முடைய நிலம் வயலும் களப்புமாகத் தட்டையாகக் கிடக்கிறது. இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து, மேலே வெப்பக் காற்று நிற்கும்போது ஒலி மேலெழாமல் தரையை நோக்கி வளைந்து வெகுதூரம் போகிறது. நகரத்து வாகன இரைச்சலில் அமுங்கிவிடும் சத்தம் இங்கே அடுத்த ஊர் வரைக்கும் கேட்கிறது. கிராமத்துக்கு எல்லையைக் குறைத்து வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

வெலிகமவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் தெளிவாகவே தீர்ப்பளித்தது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக்கூடாது. விசேட சமய நிகழ்வுகளுக்கும் ஏனைய விசேட நிகழ்வுகளுக்கும் விலக்குக் கொடுப்பதானால் அயலில் குடியிருப்பவர்களின் கருத்தை முதலில் அறிய வேண்டும். பகலில் வழங்கும் அனுமதியிலும் சத்தம் அந்த வளவைத் தாண்டாதபடி நிபந்தனை இருக்க வேண்டும். முறைப்பாடு வந்தால் பொலிஸார் உடனே விசாரிக்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில் இதுவரை எவரும் வந்து எங்கள் கருத்தைக் கேட்டதில்லை.

கோயிலையோ பள்ளிவாசலையோ விகாரையையோ தேவாலயத்தையோ குறிவைத்து நான் இதை எழுதவில்லை. வெருகல் சித்திரவேலாயுதர் கோயில் திருவிழா ஊரே சேர்ந்து எடுக்கும் விழா. அங்கே கேட்கும் மேளம் எங்களுடையது. வாடகைக்கு விட்டு இலாபம் பார்க்கும் மண்டபத்தையும், நள்ளிரவில் மின்பிறப்பாக்கி வைத்து மரம் அரியும் பட்டறையையும் அதற்குப் பின்னால் ஒளிய விடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

பொலிஸாரின் வேலை என்று நீங்கள் ஒதுங்கிவிட முடியாது. கட்டட வரைபடத்தை அங்கீகரிப்பது நீங்கள். வியாபார அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிப்பது நீங்கள். சிறு தொழில்களுக்கான சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தை மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சார்பில் வழங்குவதும் உள்ளூராட்சி மன்றங்கள்தான். அந்தத் தாளிலேயே நேரத்தையும் டெசிபெல்லையும் எழுதுங்கள். மீறினால் அடுத்த ஆண்டு புதுப்பிக்காதீர்கள். மண்டபக்காரர் பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி, முற்றத்திலிருந்து உள்ளே எடுத்தாலே பாதித் தொல்லை தீரும். அவரிடம் அதைச் சொல்லும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

ஒவ்வொரு சபையும் ஒலியளவுமானி ஒன்றை வாங்கி, இரவிலும் வரக்கூடிய உத்தியோகத்தர் ஒருவரை அதற்குப் பொறுப்பாக்க வேண்டும். அவருடைய தொலைபேசி இலக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிச் சபை வாசலிலும் கிராம உத்தியோகத்தர் அலுவலகங்களிலும் ஒட்ட வேண்டும். தெருவிளக்கும் வடிகாலும் பேசும் அதே மாதாந்தக் கூட்டத்தில் இதையும் ஒரு பிரேரணையாகக் கொண்டுவாருங்கள். உயர்தரப் பரீட்சை தொடங்குவதற்கு முன்பாக அது நிறைவேற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருகோணமலை மாவட்டக் கிராமவாசி ஒருவர்